பெரிய எஞ்சின் இருக்கும்போது இந்தச் சின்ன மோட்டார் எதுக்கு?

"இப்ப வர்ற ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் எல்லாம் எவ்வளவு மெதுவா ஓடுது தெரியுமா? கிக்கர் எல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம்."

இந்த வசந்தம் முழுக்க இதையே கேட்டுக்கிட்டு இருக்கேன். படகுக் கடையில, இறங்குதுறையில, வாட்ஸ்அப் குழுவுல. போன வாரம் மிசிசாகாவுல புதுசா படகு வாங்கப் போற ஒரு தம்பி இதையே முடிவாச் சொல்லிட்டார். 19 அடி அலுமினியப் படகு, 150 எச்.பி. எஞ்சின், எல்லாம் பேசி முடிச்சாச்சு. கடைக்காரர் சொன்னதைக் கேட்டு கிக்கரை மட்டும் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாராம்.

"அந்தக் காசுல மீன் காட்டற நல்ல சோனார் ஒண்ணு வாங்கிக்கலாம்ல அண்ணா?"

எனக்குக் கோபமே வந்துடுச்சு. தம்பி மேல இல்ல. எந்த ஏரி, எந்த மாசம், என்ன மீன்னு ஒரு கேள்வி கூடக் கேக்காம ஒருத்தருக்கு யோசனை சொல்றாங்க பாருங்க, அது மேல. அதனாலதான் இந்தப் பதிவு. நீளமாத்தான் இருக்கும். படகு வாங்கற எண்ணமே இல்லாதவங்களும் படிக்கலாம், நடுவுல ஏரி இருக்கு, மீன் இருக்கு.

தெரியாதவங்களுக்காக முதல்ல ஒரு விளக்கம். ட்ரோலிங்னா, தூண்டிலைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு படகை மெதுவா ஓட்டிக்கிட்டே போறது. இரை ஒரு சின்ன மீன் நீந்தற மாதிரி தெரியணும். அப்பதான் பெரிய மீன் வந்து அடிக்கும். படகுக்குப் பின்னாடி இருக்கற 150, 200 எச்.பி. எஞ்சின் நம்மளை மீன் இருக்கற இடத்துக்கு வேகமாக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதுக்குப் பக்கத்துலயே ஒரு ஓரமா 9.9 எச்.பி. சின்ன மோட்டார் ஒண்ணு மாட்டியிருப்பாங்க. அதுதான் கிக்கர். இடத்துக்குப் போனதும் பெரியதை அணைச்சிட்டு இதை ஓட்டுவாங்க.

கேள்வி என்னன்னா, பெரியதையே மெதுவா ஓட்டிட்டா போதாதா?

சில ஏரியில, சில மாசத்துல போதும். எல்லா நேரமும் போதாது. இந்த வித்தியாசம்தான் முழு விஷயமும்.

நான் மீன் பிடிக்கறது பெரும்பாலும் ஒன்டாரியோ ஏரியில. ஏரின்னு பேரு இருக்கறதால நம்ம ஊர்க் கண்மாயை மனசுல வெச்சுக்காதீங்க. அதிகபட்ச ஆழம் 244 மீட்டர். அந்தப் பக்கம் அமெரிக்கா, கரை கண்ணுக்கே தெரியாது. காத்து திரும்பினா ஒரு மணி நேரத்துல ஆளுயர அலை எழும்பும்.

இங்க எல்லாரும் தேடற சினூக் சால்மன் இந்த ஏரியோட சொந்த மீன் கிடையாது. இங்கயே பிறந்து வளர்ந்த அட்லான்டிக் சால்மன் 19-ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள அழிஞ்சு போச்சு. அப்புறம் அலெவைஃப்னு ஒரு சின்ன மீன் ஐம்பேரேரிகள்ல கணக்கில்லாம பெருகி, செத்துச் செத்துக் கரை ஒதுங்கிச்சு. அதைத் தின்னறதுக்கு ஒரு பெரிய மீன் வேணும்னு மிச்சிகன் மாநில மீன்வளத் துறையில இருந்த ஹவர்ட் டானர் முடிவு பண்ணினார். பசிபிக் கடற்கரையில இருந்து முட்டை வரவழைச்சு வளர்த்து, 1966-ல கோஹோ சால்மன், அடுத்த வருஷம் சினூக்னு அந்த மாநிலத்துப் பக்கம் விட்டாங்க. அப்புறம் ஒன்டாரியோ ஏரிக்கும் வந்துச்சு. இன்னிக்கு டொரான்டோ கட்டடங்கள் தெரியற தூரத்துல நின்னுக்கிட்டு பத்து கிலோ மீனைப் பிடிக்கறோம்னா அது அவரோட துணிச்சல்தான். நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமா இருக்கும்.

சரி, வேகத்துக்கு வருவோம்.

சினூக்குக்கு ட்ரோலிங் வேகம் மணிக்கு 2-லேர்ந்து 3 மைல். (இங்க கிலோமீட்டர் நாடுதான், ஆனா ட்ரோலிங் பண்றவங்க எல்லாரும் மைல்லதான் பேசுவாங்க.) வசந்தத்துல கரையோரம் ப்ரவுன் ட்ரவுட் பிடிக்கணும்னா இன்னும் மெதுவா, 2-க்குக் கீழ. இதே ஏரியோட பே ஆஃப் க்வின்டி விரிகுடாவுல இலையுதிர் கால முடிவுல பெரிய வால்ஐ மீனைத் தேடிப் போனீங்கன்னா 1-லேர்ந்து 1.5. தண்ணி குளிரக் குளிர மீன் சோம்பலாகும், ஓடிப்போய் இரையைப் பிடிக்காது. நாம அதோட வேகத்துக்கு இறங்கியாகணும்.

இப்ப ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கணக்கு பிடிக்காதவங்களும் இந்த ஒரு பத்தியைத் தாண்டாதீங்க, முழுப் பதிவும் இதுமேலதான் நிக்குது.

பெரிய எஞ்சின் சும்மா ஓடும்போது, அதாவது ஐடில்ல, நிமிஷத்துக்கு சுமார் 650 சுத்து. கியர் அதைப் பாதியாக் குறைக்குதுன்னு வெச்சுக்கோங்க (மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்). ப்ரொப்பெல்லர் 325 சுத்து சுத்தும். அதோட பிட்ச் 17 அங்குலம்னா, ஒரு சுத்துக்கு 17 அங்குலம் முன்னாடி தள்ளப் பாக்கும். மணிக்கு 5 மைலுக்கு மேல வருது. தண்ணி வழுக்கி விட்டுரும், அதனால இந்த மெதுவான ஓட்டத்துல அதுல பாதிதான் உண்மையாக் கிடைக்கும். அதாவது இரண்டரை, மூணு மைல். பெரிய எஞ்சினோட தரை இதுதான். இதுக்குக் கீழ அது தானா இறங்காது.

"இரண்டரைதானே சினூக்குக்கு வேணும்? அப்ப சரியாப் போச்சே"ன்னு தோணும். அமைதியான நாள்ல சரியாத்தான் போகும். காத்து பின்னாடி இருந்து தள்ள ஆரம்பிச்சா அதே ஐடில்ல மூணரை போகும். அப்ப குறைக்கறதுக்கு உங்க கையில ஒண்ணுமே இல்ல.

இன்னொண்ணு, இதைத்தான் யாருமே பேசறதில்ல. அந்த எஞ்சின்ல 100 சுத்து ஏத்தினா கணக்குப்படி 0.8 மைல் மாறும். கிக்கர்ல? யமஹாவோட டி9.9-ஐ எடுத்துக்கோங்க. கியர் விகிதம் 2.92. ப்ரொப்பெல்லர் பிட்ச் 8 அங்குலம்னு வெச்சா, 100 சுத்துக்கு 0.26 மைல்தான் மாறும். மூணுல ஒரு பங்கு. 2.2 வேணும்னா 2.2, 2.4 வேணும்னா 2.4, அதுல நிறுத்தலாம். மெதுவாப் போறது ஒரு பக்கம். நினைச்ச வேகத்துல நிக்கறது இன்னொரு பக்கம். கிக்கரோட மதிப்பு இந்த ரெண்டாவதுலதான் இருக்குன்னு நான் உறுதியா நம்பறேன்.

0.2 மைல்ல என்ன பெருசா வந்துடப் போகுதுன்னு கேக்கறீங்களா? படகைத் திருப்பும்போது பாருங்க. இடது பக்கம் திரும்பினா வலது பக்கத் தூண்டில் எல்லாம் வேகமாகும், உள்பக்கத் தூண்டில் தொய்ஞ்சு மெதுவாகும். வெளிப்பக்கம் அடி விழுந்தா மீன் இன்னும் வேகம் கேக்குது. உள்பக்கம் விழுந்தா குறைக்கச் சொல்லுது. காலையில முழுக்க ஒரு அடி கூட இல்லாம, திருப்பத்துல மட்டும் விழுந்து, அதைப் புரிஞ்சுக்கிட்டு ஒரு பொட்டு வேகத்தைக் கூட்டினதும் தடி மேல தடி வளைஞ்ச நாளெல்லாம் எனக்கு உண்டு. அந்தப் பொட்டு வேகத்தைக் கூட்டறதுக்கு ஒரு கருவி வேணும்ல?

கோடையில இது இன்னும் சிக்கலாகும். மேல்தண்ணி சூடாயிடும். சினூக்குக்குப் பிடிச்சது 10-லேர்ந்து 13 டிகிரி, அந்தக் குளிர்ச்சி கீழ போயிடும். 20, 30 மீட்டர் ஆழத்துக்கு இரையை இறக்கணும். அதுக்குத்தான் டவுன்ரிக்கர். கம்பியில நாலஞ்சு கிலோ ஈயக்குண்டு கட்டி, அதுல தூண்டில் நூலைக் கவ்வ விட்டு இறக்கறது. மேல ஓடற நீரோட்டமும் கீழ ஓடற நீரோட்டமும் ஒண்ணா இருக்காது. ஜிபிஎஸ் 2.5 காட்டும், கீழ இரை 1.8-ல போகும். திரும்பி வரும்போது அதே 2.5, கீழ 3-ஐத் தாண்டிடும். ஆழத்துல வேகம் பாக்கற கருவி இருந்தா நல்லது. இல்லேன்னா கம்பி எவ்வளவு பின்னால சாயுதுன்னு பாத்தே ஒரு அளவுக்குச் சொல்லிடலாம். எப்படி இருந்தாலும் போகும்போது ஒரு வேகம், வரும்போது ஒரு வேகம்னு மாத்திக்கிட்டே இருக்கணும்.

பெரிய எஞ்சின் பக்கத்து நியாயத்தையும் சொல்லணும்.

எஞ்சின்காரங்களுக்கு இந்தப் பிரச்சினை நல்லாத் தெரியும். அதனால ட்ரோலிங் வசதின்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. யமஹாவுல, சுசுகியில 50 சுத்தா கூட்டிக் குறைக்கலாம். மெர்குரியில 10 சுத்து வரைக்கும் நுணுக்கமாப் போகலாம். அருமையான வசதி, நானும் பயன்படுத்தறேன். ஜூலை, ஆகஸ்ட்ல, அலை குறைவா இருக்கற நாள்ல, சினூக்குக்கு இதுவே போதும். பிட்ச் குறைஞ்ச ப்ரொப்பெல்லர் மாட்டினா ஐடில் வேகம் இன்னும் கொஞ்சம் இறங்கும் (உச்ச வேகம் கொஞ்சம் போகும்). படகோட ரெண்டு பக்கமும் துணிப்பை மாதிரி ட்ரோலிங் பேக் கட்டித் தண்ணியில இழுக்க விட்டா அரை மைலுக்கு மேல குறையும். அலையில படகு ஆடறதும் அடங்கும், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா பெரிய மீன் மாட்டி அது படகைச் சுத்தும்போது அந்தப் பையோட கயிறு இடைஞ்சல்.

ப்ரொப்பெல்லருக்குப் பின்னாடி ஒரு தகடு மாட்டித் தண்ணியைத் தடுக்கற வழியும் இருக்கு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. தகட்டைத் தூக்காம யாராவது ஒருநாள் வேகமெடுத்தா வளைஞ்சு போயிடும்.

சுக்கான் விஷயத்துல பெரிய எஞ்சினுக்குத்தான் என் ஓட்டு. சைக்கிளை ரொம்ப மெதுவா ஓட்டினா ஹேண்டில் ஆடும்ல, அப்படித்தான் படகும் மெதுவாப் போகும்போது மூக்கை அங்கயும் இங்கயும் திருப்பும். பெரிய எஞ்சின் நடுவுல ஆழமா நிக்கறதால படகு ஓரளவு நேராப் போகும். கிக்கர் ஓரத்துல இருந்து தள்ளும், அதனால ஒரு பக்கமா இழுக்கும். இதுக்கு ஒரு எளிமையான வழி இருக்கு. பெரிய எஞ்சினை அணைச்சிட்டுத் தூக்கிடாதீங்க, தண்ணிக்குள்ளயே விட்டு வைங்க. அது சுக்கானா வேலை செய்யும். ரெண்டுத்தையும் ஒரு கம்பியால இணைச்சிட்டா, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கிக்கரும் சேர்ந்து திரும்பும்.

அடுத்தது பெட்ரோல். கிக்கர் வாங்கச் சொல்றவங்க முதல்ல சொல்ற காரணம், "எவ்வளவு மிச்சமாகும் தெரியுமா?" அவங்க என் கட்சிக்காரங்கதான், ஆனாலும் இதை நான் ஒத்துக்க மாட்டேன். இப்ப இருக்கற 150 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் ஐடில்ல மணிக்கு சுமார் 2 லிட்டர் குடிக்கும். கிக்கர் ஒரு லிட்டரைச் சுத்தி. நாள் முழுக்க ஓட்டினாலும் எட்டு, பத்து லிட்டர்தான் வித்தியாசம். கிக்கர், அதை மாட்டற கூலி, இணைப்புக் கம்பின்னு பல ஆயிரம் டாலர் ஆகும். அதைப் பெட்ரோல்ல திருப்பி எடுக்க நினைச்சா வயசாயிடும்.

பெட்ரோலை விடுங்க, எஞ்சின் எண்ணெயைப் பாருங்க. குளிர்ந்த தண்ணியில பெரிய எஞ்சினை மணிக்கணக்கா ஐடில்ல ஓட்டினா அது சரியாச் சூடாகாது. எரியாத பெட்ரோல் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி எண்ணெய்ல போய்க் கலக்கும். அளவுக்குச்சியை இழுத்துப் பாத்தா எண்ணெய் குறைஞ்சிருக்காது, கூடியிருக்கும்! மோந்து பாத்தா பெட்ரோல் வாசனை. புது எஞ்சின்ல இது அதிகம். எண்ணெய் நீர்த்துப் போனா உள்ள தேய்மானம். வழியில்லாம பெரியதையே ஓட்டறவங்க, ட்ரோலிங் முடிஞ்சதும் நல்ல வேகத்துல கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடு ஏத்துங்க, எண்ணெயைச் சீக்கிரம் மாத்துங்க. அளவுக்குச்சியை ஒவ்வொரு தடவையும் பாருங்க.

ஓடின மணிக் கணக்கும் இருக்கு. ஒரு நாள் மீன்பிடியில வேகமா ஓடறது ஒரு மணி நேரம், ட்ரோலிங் எட்டு மணி நேரம்னா, கிக்கர் இல்லாத படகுல ஒன்பது மணியும் பெரிய எஞ்சின் தலையிலதான். 100 மணிக்கு ஒரு சர்வீஸ்னு பெரும்பாலான கம்பெனி சொல்லும். படகை விக்கப் போனா வாங்கறவர் முதல்ல கேக்கறதும் அந்த மணிக் கணக்குதான்.

அது ஏன் 9.9, முழுசா 10 வெச்சா என்னன்னு சின்னப் பையன்கள் கேப்பாங்க. பல இடத்துல சட்டம் 10-ல கோடு போட்டிருக்கு. கனடாவுலயே 10 எச்.பி.க்குக் கீழ இருந்தா படகுக்கு லைசன்ஸ் வேண்டாம்னு ரொம்ப நாளா ஒரு விதி இருந்துச்சு. அமெரிக்காவுல 10-க்கு மேல மோட்டாரையே விடாத ஏரிகள் உண்டு.

நம்ம ஊர்க் கடற்கரையில இதே 9.9-ஐ ஃபைபர் படகுல மாட்டிக்கிட்டு விடியறதுக்கு முன்னாடி கடலுக்குள்ள போயிட்டு வலை நிறைய மீனோட திரும்பறாங்க. அங்க அது முழு மோட்டார். இங்க ஒரு ஓரத்துல தொங்குது. இதைப் பாக்கும்போதெல்லாம் அந்த மோட்டார் மேல எனக்கு ஒரு மரியாதை. இப்படிப் படகுக்குப் பின்னாடி வெளிய மாட்டற அவுட்போர்டு மோட்டாரோட வரலாறே சின்னதுலதான் தொடங்குது: மில்வாக்கியில ஓலே எவின்ரூட் 1909-ல விக்க ஆரம்பிச்சது ஒன்றரை எச்.பி. மோட்டார்!

"எலெக்ட்ரிக் மோட்டார் வெச்சா என்ன?"ன்னு நிறைய பேர் கேப்பீங்க. படகு மூக்குல மாட்டற மோட்டார். ஜிபிஎஸ் வெச்சு ஒரே இடத்துல நிக்கும், போட்ட கோட்டுல நேராப் போகும், சத்தமே இல்ல. சின்ன ஏரியில, 1 மைல், 1.5 மைல்ல வால்ஐக்கு இதைவிட நல்லது எதுவும் கிடையாது. ஒன்டாரியோ ஏரியில நாள் பூரா இரண்டரை மைல்ல கனமான படகை இழுக்கச் சொன்னா பேட்டரி தாங்காது. 36 வோல்ட் பெரிய மோட்டார் முழு வேகத்துல சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-அவர் பேட்டரி வரிசை ரெண்டு மணி நேரத்துல காலி. அலை வந்தா மூக்கு மேல எழும்பி ப்ரொப்பெல்லர் காத்துல சுத்தும். ஆனா கிக்கர் பின்னாடி இருந்து தள்ள, எலெக்ட்ரிக் முன்னாடி இருந்து திசையை மட்டும் பாத்துக்கிட்டா... அந்த ஜோடியை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ரெண்டு கையும் தூண்டிலுக்கே. அவ்வளவு சுகம்.

இவ்வளவு சொன்னதுல, தம்பி, நீங்க எல்லாத்தையும் மறந்தாலும் இதை மறக்காதீங்க.

ஒரு மே மாசக் காலை, கரையில இருந்து ஏழெட்டு மைல் உள்ள. பெரிய எஞ்சின் ரெண்டு தடவை இருமிட்டு நின்னுடுச்சு. பெட்ரோல்ல தண்ணி. வடிகட்டியைக் கழட்டிப் பாத்தா பாதி தண்ணிதான். மே மாசம் நடு ஏரித் தண்ணி நாலஞ்சு டிகிரி. அதுல விழுந்தா கை கால் சில நிமிஷத்துல சொன்ன பேச்சு கேக்காது. மேற்கே மேகம் ஏறிக்கிட்டு இருந்துச்சு. கிக்கருக்குன்னு தனியா ஒரு சின்ன பெட்ரோல் தொட்டி வெச்சிருந்தேன். சாவியைத் திருப்பினதும் எந்தத் தகராறும் இல்லாம ஓட ஆரம்பிச்சுது. மணிக்கு 5 மைல். மெதுவா, ஆனா நிக்காம, துறைக்குக் கொண்டுவந்து விட்டுச்சு.

அந்தத் தனித் தொட்டியை வைக்கச் சொன்னது ஸ்கார்பரோவுல இருக்கற ஒரு பெரியவர். பருத்தித்துறைக் கடல்ல தொழில் பார்த்தவர். "தம்பி, ஒரு எஞ்சினை மட்டும் நம்பித் தண்ணியில இறங்கக் கூடாது. ரெண்டு எஞ்சினுக்கும் ஒரே தாங்கியெண்டா அது ரெண்டு எஞ்சினே இல்லை"ன்னு சொன்னார். கிக்கர் வெச்சிருக்கற பல பேர் இன்னும் ஒரே தொட்டியில இருந்துதான் ரெண்டுக்கும் குழாய் விட்டிருக்காங்க. தயவுசெஞ்சு மாத்துங்க. அதிக விலை கிடையாது.

யாருக்குக் கிக்கர் வேண்டாம்? சின்ன உள்ளூர் ஏரி, எலெக்ட்ரிக் மோட்டார் இருக்குன்னா வேண்டாம். படகே 14 அடி, எஞ்சினே 20 எச்.பி.ன்னா வேண்டாம், அதுவே மெதுவாப் போகும் (துடுப்பு எடுத்துக்கிட்டுப் போங்க). வருஷத்துல கோடையில மட்டும், நல்ல வெயில் நாள்ல, வேற படகுகள் சூழ கரையோரமாப் போறவங்களும் பெரியதோட ட்ரோலிங் வசதியை வெச்சே சமாளிக்கலாம். ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் ஒன்டாரியோ ஏரியில, க்வின்டியில சுத்தணும்னு ஆசை இருக்கறவருக்கு வேணும். தம்பி இந்தக் கடைசி ரகம். அவர் கண்ணைப் பாத்தாலே தெரியுது!

வாங்கறதுன்னா ஹை த்ரஸ்ட் வகையைப் பாத்து வாங்குங்க. கியர் விகிதம் அதிகம், ப்ரொப்பெல்லர் பெருசு, கனமான படகையும் காத்துக்கு எதிரா தள்ளும். தண்டு நீளத்துல கஞ்சம் வேண்டாம். 20 அங்குலத் தண்டு அலையில வெளிய வந்து காத்தைக் கடிக்கும், 25 அங்குலம் கிடைச்சா அதை எடுங்க. எடை 45-லேர்ந்து 50 கிலோ வரும், படகு ஒரு பக்கம் சாயும். பேட்டரியை எதிர்ப்பக்கம் மாத்தி வைங்க. ட்ரெய்லர்ல போகும்போது பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்க, ரோட்டுக் குலுக்கல்ல அதைத் தாங்கற பிராக்கெட் விரிசல் விடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஸ்டீயரிங் பக்கத்துல ஒரு குமிழ் வெச்சுக்கோங்க. ஒவ்வொரு தடவையும் பின்னாடி ஓடிப்போய்க் கைப்பிடியைத் திருக வேண்டியதா இருந்தா, ரெண்டே நாள்ல வேகத்தை மாத்தற பழக்கமே விட்டுப் போயிடும்.

காசு பத்தலேன்னா சோனாரைச் சின்னதா வாங்குங்க தம்பி, அடுத்த வருஷம் மாத்திக்கலாம். பழைய கிக்கர் பாக்கப் போறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க, நானும் வர்றேன். எஞ்சின் குளிர்ந்து இருக்கும்போதுதான் போய் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். விக்கறவர் முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருந்தா, இன்னொரு நாள் வர்றோம்னு சொல்லிட்டு வந்துடலாம்.